மான் விலா ஆறக் கூடாது

போன மாதம் ஒரு காலை. கதவைத் திறந்தால் வாசலில் ரதி அக்கா. கையில் ஒரு நீலப் பெட்டி. மீன் பிடிக்கப் போகிறவர்கள் ஐஸ் போட்டுத் தூக்கிக்கொண்டு போவார்களே, அந்த மாதிரிப் பெட்டி.

"தம்பி, உங்கட ஃப்ரீசரில இடம் இருக்கோ?"

"இருக்கு அக்கா. என்ன அது?"

"மான்."

நான் திண்டுக்கல்காரன். எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் மான் கறியோடு வாசலில் வந்து நின்றால் பின்னாலேயே வனத்துறை ஜீப்பும் வந்து நிற்கும்! என்னை அறியாமல் தெருவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தேன். கடல் தாண்டி நான் குடியேறியிருக்கிற இந்த லின்ஃபீல்டில் அந்த நேரத்துக்கு என்ன இருக்கும்? எதிர்வீட்டுக்காரர் காலிக் குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

இங்கே கதை வேறு. மான் இந்த நாட்டுப் பிராணியே இல்லை. எந்தக் காலத்திலோ யாரோ கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். அடித்துத் தின்னப் புலி இல்லை, சிறுத்தை இல்லை... பெருகிவிட்டது. காட்டை மேய்ந்தே தீர்க்கிறது என்று எல்லோரும் புலம்புகிறார்கள். அதனால் மான் வேட்டை இங்கே குற்றமில்லை. வார இறுதிப் பொழுதுபோக்கு.

ரதி அக்காவைப் பற்றி பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதில்லை. தப்புதான். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் அகதியாக வந்தவர். வெஸ்ட்கேட்டைத் தாண்டி ஒரு வேட்டைக்காரர் கிளப் இருக்கிறது. அதன் சமையலறையில் ஆறு வருடமாகக் கிச்சன் ஹேண்ட் வேலை. அப்படி என்றால்? பாத்திரம் கழுவ வேண்டும், வெங்காயம் வெட்ட வேண்டும், உருளைக்கிழங்கு தோல் சீவ வேண்டும். செஃப் கத்தினால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"ஆறு வருசமா அங்க நான் கதைச்ச இங்கிலீசு ரெண்டே ரெண்டு சொல்லுத்தான் தம்பி. யெஸ், செஃப்."

சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அந்தச் செஃப் ஆஸ்திரேலியா போய்விட்டார். (இந்த ஊரில் யார்தான் போகவில்லை?) போன நேரமும் நல்ல நேரம் — கிளப்பின் வருடாந்திர மதிய விருந்துக்கு நான்கு வாரம்தான் பாக்கி. வழக்கமாக அந்த விருந்துக்கு ஸ்டேக். இந்த முறை கிளப் பிரசிடெண்டுக்கு, பேரி என்று பெயர், ஒரு யோசனை. இவர்கள் மானைச் சுட்டால் முதுகுக் கறியையும் தொடையையும் அறுத்துக்கொண்டு, விலா எலும்பை மலையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவார்களாம். பாவம் இல்லையா? இந்த வருடம் எல்லோரும் விலாவையும் சுமந்து கீழே கொண்டுவர வேண்டும், எல்லோரும் அதைத்தான் சாப்பிட வேண்டும் என்று பேரி சொல்லிவிட்டார்.

யார் சமைப்பது? பேரி நேராகச் சமையலறைக்கு வந்திருக்கிறார். "ரதி, நீயே செய். நாற்பது தட்டும் காலியாகித் திரும்பி வந்தால் சமையல்காரர் வேலை உனக்கு. இல்லையென்றால் விளம்பரம் கொடுக்க வேண்டியதுதான்" என்றிருக்கிறார்.

அக்கா என்ன பதில் சொல்லியிருப்பார்? செஃப்பே இல்லாத இடத்தில் பழக்க தோஷத்தில் "யெஸ், செஃப்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நீலப் பெட்டியில் இருந்தது ஒத்திகைக்கான விலா. ஓர் உறுப்பினர் முன்கூட்டியே கொடுத்தது.

"மான் விலா நான் வாழ்க்கையில சமைச்சதில்லை தம்பி. நீங்கள் பேப்பரில சாப்பாட்டைப் பற்றியெல்லாம் எழுதுறனீங்கள். உங்களுக்குத் தெரியும்தானே?"

பத்தி எழுதுகிறவனிடம் "உங்களுக்குத் தெரியும்தானே" என்று கேட்பது போல ஆபத்து உலகத்தில் இல்லை. தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமே கிடையாது.

"ஆட்டு விலா மாதிரிதான் அக்கா. ஒண்ணும் கவலைப்படாதீங்க. ஒரே விஷயம்... கொழுப்பை மட்டும் எடுத்துடாதீங்க. ருசியே அதுலதான் இருக்கு."

என் மனைவி மீனா உள்ளே இருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒத்திகை. நான்கு குடும்பங்களைப் பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். விலாவின் மேல் விரல் கனத்துக்கு வெள்ளைக் கொழுப்பு. அக்கா அதைத் தொட்டுப் பார்த்தார், விரலை முகர்ந்தார், குழாயில் கையைக் கழுவினார், மறுபடி கழுவினார்.

"தம்பி, இது வேற மாதிரிக் கொழுப்பா இருக்கு. சோப் போட்டும் கையை விட்டுப் போகுதில்லை."

"வெந்தா எல்லாம் சரியாயிடும் அக்கா."

சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், இஞ்சி பூண்டு எல்லாம் அரைத்துப் போட்டுக் குக்கரில் எட்டு விசில். பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது மூடியைத் திறந்தோம். அடுப்படியில் நின்றபடியே ஆளுக்கு ஓர் எலும்பு எடுத்துக் கடித்தோம்... ஆகா! அக்கா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "பார்த்தீங்களா?" என்றேன். என் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. மீனா அத்தனையையும் பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் அழகாக அடுக்கி மேசை நடுவில் வைத்தாள்.

மணி பன்னிரண்டு. ஒருவரும் வரவில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? பன்னிரண்டு மணி என்றால் நம் ஆட்களுக்குப் பன்னிரண்டு மணிக்குக் குளிக்கப் போவது என்று அர்த்தம். பன்னிரண்டரைக்கு வாட்ஸ்அப்பில் "ஆன் த வே" என்று வரும். அதுவும் குளியலறையிலிருந்துதான் வரும். எல்லோரும் வந்து, செருப்பைக் கழற்றி, பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்துவிட்டார்கள் என்று வியந்து, மார்ட்கேஜ் வட்டியைப் பற்றிப் பெருமூச்சு விட்டு உட்காரும்போது மணி இரண்டு. சோற்றைச் சூடு பண்ணினோம், ரசத்தைச் சூடு பண்ணினோம். தாம்பாளம் எவர்சில்வர், மைக்ரோவேவில் வைக்க முடியாது. பரவாயில்லை, கறிதானே என்று விட்டுவிட்டோம்.

முதல் வாய் எல்லோரும் ஒன்றாகத்தான் கடித்தார்கள். நண்பர் ஒருவர் நாக்கால் மேலண்ணத்தைத் துழாவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சுடச்சுட ரசத்தை எடுத்துக் குடித்தார், இன்னொரு முறையும் குடித்தார். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது, இங்கேயே பிறந்தவள், முகத்துக்காகப் பேசத் தெரியாது.

"அப்பா, இட்ஸ் லைக் ஈட்டிங் எ கேண்டில்!"

"வித்தியாசமா இருக்குங்க" என்றார் நண்பர். நம் ஊரில் விருந்தாளி ஒருவர் "நல்லா இருக்கு" என்று சொல்லாமல் "வித்தியாசமா இருக்கு" என்றால் அதற்கு மேல் தீர்ப்பு வேண்டியதில்லை.

நான் தரையைப் பார்த்தேன். அக்கா என்ன செய்தார் தெரியுமா? கோபப்படவில்லை, முகம் சுளிக்கவில்லை. மூன்று எலும்புகளை ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனார். பின்னாலேயே போனேன். ஆவி பறக்கச் சூடாக்கினார், ஒன்றைக் கடித்தார், தலையாட்டினார். மற்ற இரண்டையும் தட்டில் வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாருங்கோ தம்பி. பத்து நிமிசம் ஆகேல்லை. அதுக்குள்ள வெள்ளையா உறைஞ்சிட்டுது."

ஆட்டுக் கொழுப்பும் ஆறினால் உறையும்தான். மான் கொழுப்பு அதற்கு அண்ணன். வாய்க்குள் இருக்கிற சூட்டுக்கே உறைந்து மேலண்ணத்தில் பூசிக்கொள்கிறது.

"நீங்கள் சொன்னது பாதி சரி தம்பி" என்றார், நான் வருத்தப்படக் கூடாது என்று. "ருசி கொழுப்பிலதான். ஆனா இந்தக் கொழுப்பில இல்லை."

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். மூடினேனா? கொழுப்பைச் சுத்தமாக எடுத்துவிட்டு நல்ல சுக்கா வறுவலாகப் போட்டுவிடலாம் என்று இன்னொரு யோசனை சொன்னேன். புதன்கிழமை போட்டோம். மானுக்கு உள்ளே கொழுப்பே கிடையாது, வெறும் தசை. வாணலியில் சுருண்டு காய்ந்து, கடித்தால் பல்தான் ஆடியது. அதை மென்று முடிக்க எதிர்வீட்டு நாய்க்குக்கூட அரை மணி நேரம் பிடித்தது.

அதற்குப் பிறகு அக்கா என்னிடம் யோசனை கேட்பதை நிறுத்திவிட்டார். நல்லது நடக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

மூன்றாவது ஒத்திகை அவர் வீட்டில். சும்மா நின்று பார்க்க மட்டும் எனக்கு அனுமதி. வாசகர்களே, பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

விலாவின் உள்பக்கம் மெல்லிய வெள்ளை ஜவ்வு ஒன்று இருக்கிறது. ஸ்பூன் காம்பை அதற்கு அடியில் விட்டு நெம்பி, பேப்பர் டவலால் இறுக்கிப் பிடித்து ஒரே இழுப்பு. மொத்தமும் உரிந்து வந்துவிட்டது. மேல் கொழுப்பைக் கத்தியால் சீவித் தள்ளினார். உப்பு, மஞ்சள், அவரே வறுத்து அரைத்த யாழ்ப்பாணத் தூள் எல்லாம் தடவி ஆழமான ட்ரேயில் அடுக்கினார். வெங்காயம், பூண்டு, வாசனைக்கு இரண்டு துண்டு ரம்பை இலை, பாதி விலா முழுகும் அளவுக்குப் புளித் தண்ணீர். ஃபாயில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, ஓவனில் நூற்று நாற்பது டிகிரியில் நான்கு மணி நேரம்.

நான்கு மணி நேரம்! குக்கரில் வளர்ந்த எனக்கு அது தாங்குமா? ஒரு தடவை திறந்து பார்த்துவிடலாம் என்று ஓவன் கதவில் கை வைத்தேன். கையில் ஓர் அடி விழுந்தது.

வெந்ததும் பரிமாறவில்லை. அப்படியே இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தார். மறுநாள் காலையில் மீதிக் கொழுப்பெல்லாம் மேலே தகடாக நின்றது. அதை இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போட்டார். கீழே தங்கிய சாற்றைச் சுண்டக் காய்ச்சி, கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றினார். ஏன் என்று கேட்டேன்.

"ஒரு கொழுப்பை எடுத்தால் இன்னொரு கொழுப்பு குடுக்கோணும் தம்பி. இல்லாட்டி அது காய்ஞ்சுபோகும்."

இப்போது இங்கே ஃபீஜோவாப் பழக் காலம். உங்களுக்கே தெரியும் — எல்லா வீட்டுப் புல்தரையிலும் பச்சைப் பச்சையாக விழுந்து கிடக்கிறது, கேட்டுக்கு வெளியே பையில் கட்டி வைத்து "ஃப்ரீ" என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு பையை எடுத்துவந்து, பழத்தைத் தோண்டி, புளியும் பனங்கட்டியும் சேர்த்துத் தேன் பதத்துக்குக் காய்ச்சினார். விலாவின் மேல் அதைப் பூசி, கிரில்லுக்கு அடியில் ஐந்து நிமிடம். ஓரம் கருகிப் பளபளவென்று வந்தது.

தொட்டதும் கறி எலும்பை விட்டுக் கழன்றது. இனிப்பு, புளிப்பு, உறைப்பு... அதற்குப் பின்னால் மெதுவாக மானின் காட்டு வாசனை. என் தொழிலே வார்த்தைதான். அன்றைக்கு வார்த்தைக்குப் பதில் தட்டை மறுபடி நீட்டினேன்.

அவர் சாப்பிடவில்லை. ஒரு துண்டைத் தனியே எடுத்து வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம்... பதினைந்து நிமிடம்... இருபது தாண்டும்போது ஓரத்தில் லேசாக ஒரு வெள்ளைக் கோடு.

"இருவது நிமிசம்" என்றார். "எவ்வளவு கொழுப்பு எடுத்தாலும் உள்ளுக்க கொஞ்சம் நிக்கும். தட்டில வைச்சு இருவது நிமிசத்துக்குள்ள சாப்பிட்டு முடிக்கோணும்."

தான் சமைத்ததன் ஆயுளை நிமிடக் கணக்கில் தெரிந்து வைத்திருக்கிற ஒருவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

போன சனிக்கிழமை விருந்து. இரண்டு தப்பான யோசனைக்குப் பரிகாரமாக நானும் கையாளாகப் போனேன். ஏப்ரன் கட்டிக்கொண்டு காலை எட்டு மணியிலிருந்து பூண்டு (அக்காவுக்கு அது உள்ளி) உரித்தேன், ட்ரே தூக்கினேன், பாத்திரம் கழுவினேன். ஹால் சுவர் முழுக்க மான் தலைகள். அத்தனையும் என்னையே பார்த்தன.

பன்னிரண்டரைக்குச் சொன்னபடி நாற்பது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட லேட் இல்லை! அக்கா முகத்தில் நிம்மதி. கிரில்லிலிருந்து எடுக்க எடுக்க, கிளப்காரர்கள் இருவர் ஓடி ஓடித் தட்டுகளை மேசைக்குக் கொண்டுபோனார்கள். ஐந்தே நிமிடத்தில் நாற்பதும் போய்ச் சேர்ந்தது. பரிமாறும் ஜன்னல் வழியாக அக்காவும் நானும் எட்டிப் பார்த்தோம்.

பேரி எழுந்து நின்றார். கண்ணாடிக் குவளையில் ஸ்பூனால் தட்டினார். சட்டைப் பையிலிருந்து காகிதம் எடுத்தார்.

நான்கு பக்கம்.

இந்த வருட வேட்டை எப்படி, எந்த மலையில் யார் எதைச் சுட்டார், யார் வழி தவறினார்... நிதானமாகப் படித்தார். நாற்பது பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்கள். பிரசிடெண்ட் முடிக்காமல் ஒருவரும் தட்டைத் தொடுவதாக இல்லை. அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு நிமிடம் போய்விட்டது. பேரி இரண்டாவது பக்கத்தைத் திருப்பினார்.

"தம்பி, போய்ச் சொல்லுங்கோ."

"நானா? அக்கா... அவர் பிரசிடெண்ட். பேசிட்டிருக்கும்போது நடுவுல போய் எப்படி..."

"உங்களுக்கு இங்கிலீசு வடிவா வரும்தானே?"

இங்கிலீஷ் வரும். வராதது வேறு. தைரியத்தைப் பற்றி இதே பக்கத்தில் மூன்று பத்தி எழுதியவன் நான். கையிலிருந்த கரண்டியைத் திரும்பவும் கழுவ ஆரம்பித்தேன்.

"அக்கா, அவர் கோவிச்சுக்கிட்டா உங்க வேலை போயிடும்."

அக்கா ஜன்னல் வழியாக அந்தத் தட்டுகளைப் பார்த்தார். ஆறு வருடம் பாத்திரம் கழுவிய கையை ஏப்ரனில் துடைத்தார்.

"கதைச்சாலும் போகும். கதைக்காட்டிலும் போகும். கதைச்சுப்போட்டே போகட்டும்."

கதவைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்குள் போனார்.

"பேரி."

சத்தமாகக்கூடக் கூப்பிடவில்லை. ஆனால் பேரி நிறுத்திவிட்டார். நாற்பது தலைகளும் திரும்பின.

"ஸ்டாப். ஃபுட் ஹாட் நவ். ஈட் நவ். யூ டாக் ஆஃப்டர்."

பேரி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், தன் தட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா நகரவில்லை. பேரி நான்கு பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்தார்.

"யெஸ், செஃப்" என்றார்.

உட்கார்ந்தார். சாப்பிட ஆரம்பித்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. நான் காலையிலிருந்து உரித்தது பூண்டு.

அப்புறம் அந்த ஹாலில் எலும்பு தட்டில் விழுகிற சத்தம்தான். மலை ஏறி மான் சுமந்து இறங்குகிற ஆட்கள் விரல் ஐந்தையும் நக்கிக்கொண்டிருந்தார்கள். நாற்பது தட்டும் வெறும் எலும்போடுதான் திரும்பி வந்தன. எனக்கு எப்படித் தெரியும்? கழுவியது நான்தானே! பேரி அன்று பேசவே இல்லை. தன் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்து, இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

யோசித்துப் பாருங்கள். நம் சங்க விழாக்களில் வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை... பின்னால் சாம்பார் ஆறி, அப்பளம் நமத்து, பிள்ளைகள் நாற்காலியில் தூங்கிப்போகும் வரை உட்கார்ந்திருக்கிறோமே. "நிறுத்துங்கய்யா, சோறு ஆறுது" என்று ஒருவராவது எழுந்து சொல்லியிருக்கிறோமா? சமைத்தவர்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை.

செவ்வாய்க்கிழமை ரதி அக்கா ஒரு பை ஃபீஜோவாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலைக்கான கடிதம் வந்துவிட்டது என்றார். மீனா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள், அவரும் அழுதார். நான் காபி போட்டேன். புறப்படும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"தம்பி, என்ர பழைய வேலை இப்ப காலியாக் கிடக்கு. கிச்சன் ஹேண்ட். சனி, ஞாயிறு மட்டும்தான். நீங்கள் உள்ளி வடிவா உரிக்கிறீங்கள்."

ஆறு வருடம் அவர் பார்த்த வேலை. எனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.